ஒரு ரப்பர் வளையம் கிடைக்கலையே!

நீங்களே சொல்லுங்க, இது நியாயமா? ரெண்டு டன் தூக்கும்னு கொட்டை எழுத்துல ஒட்டி ஹைட்ராலிக் ஜாக்கி விக்கிறாங்க. நம்ம சின்னக் கார் மொத்தமாவே ஒரு டன் தேறாது. அதுல ஒரு சக்கரத்தை மட்டும்தான் தரையை விட்டு எழுப்பணும். கைப்பிடியை அடிக்க அடிக்க ஜாக்கி ஜோராத்தான் மேலே வருது. காரோட அடியைத் தொட்டதும் அப்படியே நின்னுடுது. இன்னும் மல்லுக்கட்டினா ரெண்டு விரக்கடை ஏறும். கையை எடுத்ததும் மெல்ல மெல்ல உட்கார்ந்துக்கும்.

வாங்கின கடைக்கே தூக்கிட்டுப் போனேன். எட்டு ஒன்பது கிலோ இரும்பு, கை விட்டுப் போச்சு. அந்த ஆள் திரும்பிக்கூடப் பார்க்கலை. "இதுக்கெல்லாம் சர்வீஸ் கிடையாது சார், புதுசு எடுத்துக்கோங்க." சொன்ன பதிலைவிட, சொன்ன வேகம்தான் எனக்குச் சுருக்குனு தைச்சது. தினமும் பத்துப் பேருக்குச் சொல்லிப் பழகின வேகம் அது.

ஜாக்கி என்ன ராக்கெட்டா? திரவ அழுத்தத்தைப் பத்திப் பாஸ்கல் எழுதிவெச்ச விதி, அவர் இறந்த அடுத்த வருஷம் 1663-ல அச்சாச்சு. 1795-ல ஜோசப் பிராமா அதை வெச்சே ஹைட்ராலிக் பிரஸ் செஞ்சு பேட்டன்ட் வாங்கிட்டார். நம்ம பள்ளிக்கூடப் புத்தகத்துலயே படம் போட்டுப் பாடம் இருக்கு. சின்ன பிஸ்டன் ஒரு சென்டிமீட்டர் விட்டம், பெரிய பிஸ்டன் மூணு சென்டிமீட்டர்னு வெச்சுக்கோங்க. ஒன்பது மடங்கு விசை. கைப்பிடி நீளமா இருக்கிறதால கிடைக்கிற பலம் தனி. உள்ளே பார்த்தா கொஞ்சம் ஆயில், ரெண்டு மூணு பால்ரஸ் குண்டு, ஸ்பிரிங், சில ரப்பர் சீல். அவ்வளவுதான்! கைப்பிடியைத் தூக்கினா ஒரு குண்டு வழி விட்டு ஆயிலை உள்ளே இழுக்கும். அழுத்தினா அது அடைச்சுக்கும், இன்னொரு குண்டு திறந்து ஆயிலைப் பெரிய பிஸ்டனுக்கு அடியில தள்ளும்.

கோளாறையும் அதுவே வாய்விட்டுச் சொல்லும், கேட்கத்தான் ஆளில்லை. பாதி உயரம் போய் நின்னா ஆயில் குறைச்சல். ஜாக்கியை முழுசா இறக்கிவெச்சு, ரப்பர் மூடியைக் கழட்டி, துளைக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும் ஊத்தினா தீர்ந்தது. பஞ்சு மாதிரி அமுங்கினா உள்ளே காத்து. ஜாக்கியை இறக்குற ரிலீஸ் வால்வைத் திறந்துவெச்சு, பத்துப் பன்னிரண்டு தடவை முழுசா அடிச்சா வெளியே போயிடும். சுத்தமா ஏறவே மாட்டேங்குதா? முதல்ல அந்த வால்வு வலப்பக்கம் கடைசி வரைக்கும் மூடியிருக்கான்னு பாருங்க. மூடியிருந்தா, குண்டுக்கு அடியில தூசோ இரும்புத் துகளோ உட்கார்ந்திருக்கும். ஏறி ஏறி இறங்குதுன்னா, ரிலீஸ் வால்வு சரியா அடைக்கலை, இல்லைன்னா சீல் போச்சு. பிஸ்டன் கழுத்துல ஆயில் கசிஞ்சா சந்தேகமே வேண்டாம், சீல்தான். என்னோடது அதுதான்.

இதுக்கு நடுவுல ஒருத்தர் யோசனை சொல்றார், "இருக்கிற பிரேக் ஆயிலை ஊத்துங்க, கும்முனு தூக்கும்." அய்யோ! கார்ல ஊத்துற பிரேக் ஆயில் பட்டா ஜாக்கி சீல் ஊதிப் போய் நாசமாயிடும். ஜாக்கிக்குன்னே ஹைட்ராலிக் ஆயில் இருக்கு. ஆனா அந்த விஷயம் பெட்டிக்குள்ள வந்த காகிதத்துல இருக்கான்னு தேடினேன். பூதக்கண்ணாடி வேணும் அதைப் படிக்க. படிச்சாலும் இல்லை.

சீல் தேடி சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போனேன், புதுப்பேட்டை போனேன். எந்தக் காலத்து வண்டியோட பாகத்தையும் கையில எடுத்துக் கொடுக்கிற ஊர் அது. சாதாரண ஓ-ரிங் சரம் சரமாத் தொங்குது. இந்தப் பெரிய பிஸ்டனோட சீல் மட்டும் எந்த அளவுலயும் சேராத தனிப் பிறவி. பார்ட் நம்பர் கேட்கிறாங்க. கம்பெனி நம்பர் போட்டிருந்தாத்தானே நான் சொல்ல? ஒரு டீ விலை இருக்குமா அந்த ரப்பர்? அது இல்லாததால ஒன்பது கிலோ நல்ல இரும்பு காயலான் கடைக்குப் போகணுமாம். வெல்டிங் நல்லா இருக்கு, சக்கரம் நல்லா இருக்கு. மனசு ஆறலை.

பழுதுபார்க்கும் உரிமைக்குன்னு மத்திய அரசு 2022 ஜூலையில கமிட்டி போட்டது, அதே டிசம்பர்ல இணையதளமும் திறந்தது. கார், விவசாயக் கருவி, செல்போன், வீட்டுச் சாமான்னு நாலு துறை. சந்தோஷம்தான். அந்தக் காரைத் தூக்குற ஜாக்கியோட சீலுக்கு நான் எந்தக் கதவைத் தட்டணும்?

புதுசு வாங்குன்னு சொல்றது சுலபம். வாங்க முடியாதவங்க என்ன பண்றாங்க தெரியுமா? இறங்குற ஜாக்கியையே வெச்சு ஓட்டுறாங்க. ரோட்டோரப் பட்டறைல போய்ப் பாருங்க. பக்கத்துல ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்துட்டு, மீசை முளைக்காத பையன் வண்டிக்கு அடியில மல்லாந்து கிடப்பான். செங்கல் பாரம் தாங்காம நொறுங்கும். ஜாக்கி எவ்வளவு புதுசா இருந்தாலும், இரும்பு ஸ்டாண்ட் வைக்காம யாரும் அடியில போகவே கூடாது. அந்தப் பையனுக்கு அதை யார் சொல்லிக் கொடுத்தாங்க? கசியுற சீலை மாத்திக் கொடுக்கிற ஏற்பாடு இருந்திருந்தா, அந்தப் பட்டறை முதலாளியும் மாத்தியிருப்பாரே!

கம்பெனிக்காரங்களை நான் கேட்கிறது பெரிசா ஒண்ணுமில்லை. சீலோட உள்விட்டம், வெளிவிட்டம், கனம், எந்த ஆயில் ஊத்தணும், இதைத் தமிழ்ல ஒரு வரி அச்சடிங்க. பெட்டிக்குள்ள ரெண்டு சீலைச் சின்ன பாலிதீன் கவர்ல போட்டுக் கொடுங்க. விலையில ஏத்திக்கோங்க, நான் தர்றேன்.