ஒரு லட்சம் என்னும் பூச்சாண்டி

“லட்சம் தாண்டிடுச்சா? அப்ப தள்ளி விட்டுடுங்க. இனிமே செலவுதான் வைக்கும்.”

கார் வைத்திருக்கும் எவரும் இந்த அறிவுரையிலிருந்து தப்பியதில்லை. கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது மைத்துனர் சொல்வார். டயருக்குக் காற்றுப் பிடிப்பவர் சொல்வார். ஸ்டியரிங்கையே தொட்டறியாத மேலதிகாரியும் சொல்வார். எந்தக் கார், யார் ஓட்டினார்கள், ஆயிலைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. மீட்டரில் ஆறாவது இலக்கம் விழுந்துவிட்டால் வண்டியின் கதை முடிந்தது, அவ்வளவுதான். நாடி பார்க்காமல், இதுவரை எத்தனை மைல் நடந்தீர்கள் என்று மட்டும் கேட்டு ஆயுளைச் சொல்கிற வைத்தியரிடம் நாம் இரண்டாம் முறை போகமாட்டோம். கார் என்று வந்துவிட்டால் மட்டும் அதே பேச்சு நமக்கு வேதவாக்கு.

இந்த நம்பிக்கை தவறானது. தவறோடு நின்றாலும் பரவாயில்லை. நல்ல வண்டிகளைக் கொல்கிறது, மோசடிக்குத் தீனி போடுகிறது, நடுத்தரக் குடும்பத்தைத் தேவையில்லாத கடனில் தள்ளுகிறது. அதனால்தான் இத்தனை கோபம்.

ஒரு காலத்தில் இதற்கு நியாயம் இருந்தது. அம்பாசடரின் மூலம் 1950களின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு. பிரீமியர் பத்மினியின் மூலம் 1960களின் ஃபியட் 1100. கார்புரேட்டர் தேவைக்கு மேல் பெட்ரோலை ஊற்றும். அது சிலிண்டர் சுவரில் படிந்த ஆயிலைக் கழுவிக்கொண்டு போகும். ரிங்கும் போரும் தேயும். அன்றைய ஆயிலின் தரமும் அப்படித்தான். லட்சத்தைத் தொடுவதற்குள் இன்ஜினை இறக்கி போரிங் பண்ணுவது சகஜமாக இருந்தது. பல பழைய வண்டிகளில் மீட்டருக்கே ஐந்து இலக்கம்தான். 99,999க்குப் பிறகு பூஜ்யம். கணக்கே அங்கே முடிந்துவிடும்போது வண்டியும் முடிந்ததாகத் தோன்றியதில் வியப்பில்லை.

ஆனால் 2000ஆம் ஆண்டையொட்டி மாசு விதிகள் இறுகியதும், மாருதி 800 வரை கார்புரேட்டருக்குப் பதில் எம்.பி.எஃப்.ஐ. வந்துவிட்டது. பெட்ரோலைச் சொட்டுக் கணக்காக அளந்து விடும் வேலையைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது. ஆயில் மேம்பட்டது, உதிரிபாகங்களைக் கடையும் துல்லியம் கூடியது. இன்ஜின் மாறிவிட்டது, அதைப் பற்றிய நம் பேச்சு மட்டும் அம்பாசடர் காலத்திலேயே நிற்கிறது.

கிலோமீட்டர் எதைத்தான் அளக்கிறது? சக்கரம் எவ்வளவு உருண்டது என்பதை மட்டுமே. இன்ஜின் அதிகம் தேய்வது கிளப்பிய முதல் சில நிமிடங்களில். ஆயில் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்திருக்காது, சூடும் ஏறியிருக்காது. சூடு ஏறுவதற்குள் அணைத்துவிட்டால், உள்ளே படிந்த ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகாமல் ஆயிலில் கலந்து கிடக்கும். சென்னையிலிருந்து மதுரைக்கு ஒரே ஓட்டமாகப் போகும் வண்டி சுமார் 460 கிலோமீட்டருக்கு ஒருமுறைதான் சூடில்லாமல் கிளம்புகிறது. அதே தூரத்தைத் தியாகராய நகருக்குள் மூன்று மூன்று கிலோமீட்டராக ஓட்டுங்கள். 150 முறைக்கு மேல் கிளப்பியிருப்பீர்கள். கிளட்சும் பிரேக்கும் பட்ட பாடு தனிக்கணக்கு.

இந்த வெளிச்சத்தில் செகண்ட்ஹேண்ட் சந்தையின் செல்லப்பிள்ளையான ‘டாக்டர் வண்டி’யைப் பாருங்கள். “சிங்கிள் ஓனர் சார், டாக்டர் ஓட்டுனது, பன்னிரண்டு வருஷத்துல நாற்பதாயிரம்தான் ஓடியிருக்கு.” வீட்டிலிருந்து கிளினிக், கிளினிக்கிலிருந்து வீடு என்று ஓடிய வண்டிதான் அது! கிலோமீட்டரை மட்டுமே வைத்து ஆயில் மாற்றுபவரானால், வருடக்கணக்கில் ஒரே ஆயில் உள்ளே கிடந்திருக்கும். கூலன்ட் ஹோஸ், இன்ஜின் மவுன்ட், சஸ்பென்ஷன் புஷ், டயர் எல்லாம் பன்னிரண்டு வயதுக் கிழங்கள். ரப்பருக்கு மீட்டர் பார்க்கத் தெரியாது. சீராகப் பராமரித்த இரண்டு லட்சம் கிலோமீட்டர் நெடுஞ்சாலை வண்டி, இந்த நாற்பதாயிரத்தைவிட மேலானதாக இருக்கப் பெரும் வாய்ப்புண்டு. சந்தை விலையோ தலைகீழாக இருக்கிறது.

“அனுபவத்துல பாத்துட்டுதான் சொல்றோம். லட்சம் தாண்டின வண்டி நிஜமாவே படுத்துடுதே?” என்பார்கள். படுக்கத்தான் செய்கிறது, ஏன் என்று பார்த்தால் சிரிப்பு வரும். மீட்டர் எண்பதாயிரத்தைத் தொட்டதும் உரிமையாளர் கையைச் சுருக்கத் தொடங்குகிறார். “விக்கப்போற வண்டிதானே, எதுக்கு வெட்டிச் செலவு?” கூலன்ட் மாற்றுவது தள்ளிப்போகிறது. டைமிங் பெல்ட் மாற்ற வேண்டிய நேரம் வந்தும் “அடுத்த ஓனர் பாத்துக்கட்டும்” என்று விடப்படுகிறது. ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றப்படுகிறது. உள்ளே உப்பும் துருவும் படிகின்றன. வாங்கியவர் கையில் லட்சத்துச் சொச்சத்தில் பெல்ட் அறுகிறது, பல இன்ஜின்களில் வால்வு போய் பிஸ்டனில் இடிக்கிறது. உடனே ஊர் சொல்கிறது: “பாத்தியா, லட்சம் தாண்டினதும் படுத்துடுச்சு!” வண்டியைப் படுக்கவைத்தது கிலோமீட்டர் இல்லை. கிலோமீட்டரைப் பற்றிய பயம்.

பயமில்லாதவர்கள் கையில் என்ன ஆகிறது? டாக்ஸி ஸ்டாண்டுக்குப் போய்ப் பாருங்கள். மூன்று லட்சம், நான்கு லட்சம் ஓடிய இன்னோவா பத்துப் பேரையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் ஏறுகிறது. அந்த டிரைவருக்கு வண்டிதான் சோறு. ஆயிலைத் தள்ளிப்போட அவரால் முடியாது. உலகக் கணக்கு வேண்டுமென்றால் அமெரிக்கப் பள்ளி ஆசிரியர் இர்வ் கார்டனைச் சொல்லலாம். 1966இல் வாங்கிய வால்வோ பி1800எஸ் காரை அவர் 2013இல் முப்பது லட்சம் மைல், அதாவது சுமார் 48 லட்சம் கிலோமீட்டர் தாண்ட வைத்தார். கின்னஸ் பதிவும் கிடைத்தது. அது கார்புரேட்டர் கார் என்பதைக் கவனியுங்கள். ரகசியம் ஒன்றுமில்லை, குறித்த காலத்தில் ஆயில் மாற்றினார், சின்னக் கோளாறைப் பெரிதாக விடவில்லை.

இந்த நம்பிக்கையால் லாபம் யாருக்கு? முதலில் மீட்டரைத் திருப்புகிறவனுக்கு. வாங்குகிறவர் லட்சத்துக்குப் பயப்படுகிறார் என்பதால்தான் 1,40,000 ஓடிய வண்டி ஒரே இரவில் 68,000 ஆகிறது. வாங்குகிறவர் அந்த எண்ணைப் பார்த்து ஏமாறுவதோடு, அதை நம்பி டைமிங் பெல்ட்டையும் மாற்றாமல் ஓட்டுகிறார். எண்ணைக் கும்பிடுகிற ஊரில் எண்ணைத் திருத்துகிறவன் பிழைக்கத்தான் செய்வான்.

அடுத்த லாபம் சோம்பேறி மெக்கானிக்குக்கு. நோயைத் தேடிக் கண்டுபிடிக்கும் தொல்லை அவருக்கு இல்லை. “வண்டி பழசாயிடுச்சு சார், இன்ஜின் இறக்கணும்” என்றால் போதும்; லட்சத்தின் மேல் நம்பிக்கை உள்ளவர் தலையாட்டிவிடுவார். நல்ல மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை அடையாளம் காண வழி, அவர்கள் முதலில் கேள்வி கேட்பார்கள், ஸ்பேனரை அப்புறம்தான் எடுப்பார்கள்.

வண்டி ஹீட் ஆகிறதா? எங்கே ஆகிறது என்பதுதான் கேள்வி. சிக்னலில் நிற்கும்போது சூடேறி, நெடுஞ்சாலையில் ஓடும்போது தணிந்தால் ரேடியேட்டர் ஃபேனையும் அதன் ரிலேவையும் பார்க்க வேண்டும். நகரத்துக்குள் ஒழுங்காக இருந்து, வேகமாகப் போகும்போது ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் மீது சந்தேகம். ரேடியேட்டர் மூடியை மறக்கக் கூடாது. உள்ளே அழுத்தத்தைத் தாங்கிக் கொதிநிலையை உயர்த்துவது அதுதான். அதன் ரப்பர் போனால் நல்ல இன்ஜினும் கொதிக்கும்.

நம் பட்டறைகளில் வேறொரு வைத்தியம் நடக்கிறது: “நம்ம ஊரு வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு சார்?” என்று கழற்றி வீசிவிடுவது. இன்ஜின் வேண்டிய சூட்டை எட்ட நெடுநேரமாகும். வண்டி இன்னும் சூடாகவில்லை என்று நினைத்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போகும். மைலேஜ் குறையும், தேய்மானம் கூடும். பழியோ மறுபடியும் கிலோமீட்டர் மேல்.

புகையும் அப்படித்தான். கறுப்பாக வந்தால் பெட்ரோல் அதிகம்; ஏர் ஃபில்டர், சென்சார், இன்ஜெக்டரைப் பாருங்கள். வெள்ளையாக, விடாமல் வந்து, கூலன்டும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கெட். நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. அதிலும் இரண்டு வகை உண்டு. காலையில் கிளப்பும்போது மட்டும் ஒரு பஃப் வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வ் சீல்; அதற்கு இன்ஜினை இறக்கத் தேவையில்லை. ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போதெல்லாம் வந்தால் ரிங் மீது சந்தேகப்படலாம். அதையும் ஊகமாக விட வேண்டாம். பிளக்குகளைக் கழற்றி கம்ப்ரஷன் பாருங்கள். அழுத்தம் குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ் அல்லது கேஸ்கெட். சில நூறு ரூபாய்ச் சோதனை இது. இதைச் செய்யாமல் “இன்ஜின் போச்சு” என்பவரை நம்பி வண்டியை விற்றவர்கள் எத்தனையோ பேர்.

இப்போது பணத்துக்கு வருவோம். பழைய வண்டிக்குச் செலவு செய்வது முட்டாள்தனம், புதுசு எடுத்தால் நிம்மதி என்பது வாதம். இன்சூரன்ஸ் பாலிசியில் வண்டியின் மதிப்பாகப் போடும் ஐ.டி.வி.யை எடுத்துப் பாருங்கள். அதன் தேய்மான அட்டவணைப்படி, ஓராண்டுக்குள் 15 சதவீதம், நான்காம் ஆண்டைத் தாண்டி ஐந்துக்குள் 50 சதவீதம் கழிகிறது. பத்து லட்சம் ரூபாய் கார் ஐந்தாண்டில் ஐந்து லட்சத்தைத் தின்றுவிடுகிறது. கடன் வட்டி வேறு. வட்டி நீங்கலாகவே ஆண்டுக்கு ஒரு லட்சம். ஒரே ஆண்டில் கிளட்ச் செட், முன்பக்க சஸ்பென்ஷன், ஏசி கம்ப்ரஸர் மூன்றையும் மாற்றினாலும் ஒரு சின்னக் காருக்கு அவ்வளவு ஆகாது. அடுத்த ஆண்டு அந்தச் செலவு திரும்ப வரவும் வராது. ஸ்பேருக்குத்தான் பஞ்சமா? சென்னை ஜி.பி. ரோட்டில் தேடினால் புதுசு கிடைக்கும்; புதுப்பேட்டையில் கழற்றியது கிடைக்கும். மாருதி 800 தயாரிப்பு 2014இல் நின்றது. அதற்கான பொருள்கள் நிற்கவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த ஐ.டி.வி. அட்டவணை பார்ப்பது வண்டியின் வயதை, கிலோமீட்டரை அல்ல. மோட்டார் வாகனச் சட்டமும் அப்படித்தான். சொந்தக் காருக்கு 15 ஆண்டுப் பதிவு, அதன்பின் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, கட்டணமும் பசுமை வரியும் கட்டினால் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். டெல்லி வட்டாரத்தில் வந்த 10 ஆண்டு, 15 ஆண்டுத் தடையும் வயதை வைத்ததே. அதைத் தமிழ்நாட்டுக்கும் பொருந்துவதுபோல் சொல்லிப் பயமுறுத்தும் புரோக்கர்களை நம்பாதீர்கள். லட்சம் கிலோமீட்டர் வரம்பு எந்தச் சட்டத்திலும் இல்லை. நம் வாயில்தான் இருக்கிறது.

இதற்காகப் பழசெல்லாம் பொன் என்று நான் சொல்லவில்லை. “அந்தக் காலத்து வண்டி இரும்பு, இப்ப வர்றதெல்லாம் தகரம்” என்பது இன்னொரு மூடநம்பிக்கை. ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் இல்லாத பழைய சின்னக் காரை எவ்வளவு பராமரித்தாலும் அவை முளைத்துவிடாது. குடும்பத்தோடு நான்குவழிச் சாலையில் அடிக்கடி போகிறவர் அதை எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும். பழைய விதிகளின்படி வந்த வண்டி பி.எஸ். 6 வண்டியைவிட அதிகம் நச்சுப் புகை விடுகிறது என்பதும் உண்மை. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்காக வடிவமைக்கப்படாத பழைய ஹோஸ்களையும் சீல்களையும் கண்காணித்து மாற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகத் துரு. நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் நின்ற வண்டியின் அடிப்பாகமும் சஸ்பென்ஷன் பிடிக்கும் இடமும் அரித்திருந்தால், டிங்கரிங் செய்து மேலே பெயின்ட் அடித்து ஏமாற்றிக்கொள்ளக் கூடாது. அதை விட்டுவிடுவதே சரி. மீட்டர் வெறும் முப்பதாயிரம் காட்டினாலும்.

ஒரு காரைக் கைவிட நியாயமான காரணங்கள் இவைதான்: பாதுகாப்பு, துரு, புகை, கிடைக்காத பாகம். இவற்றில் ஒன்றுகூட மீட்டரில் தெரியாது. ஆகவே அடுத்தமுறை மைத்துனர் வாயைத் திறக்கும்முன் மூன்று வேலைகளை முடித்துவையுங்கள். வண்டியை லிஃப்டில் ஏற்றி அடிப்பாகத்தை உங்கள் கண்ணால் பாருங்கள். கம்ப்ரஷன் எண்களைக் காகிதத்தில் எழுதி வாங்குங்கள். இதுவரையிலான சர்வீஸ் பில்களை ஒரு ஃபைலில் போடுங்கள். மூன்றும் சரியாக இருந்தால் ஆயிலை மாற்றிவிட்டு ஓட்டுங்கள்; சரியில்லை என்றால் தயங்காமல் விடுங்கள். மீட்டரைப் பார்த்து மட்டும் எந்த முடிவும் எடுக்காதீர்கள். அடுத்த ஆயில் மாற்ற எப்போது வர வேண்டும் என்பதைச் சொல்லத்தான் அது பயன்படும்.