ரெசிட்டுல இருக்கு, லிஸ்டுல இல்லை: "சிஸ்டம் அப்படித்தான்" என்ற பதில் போதுமா?



குருப்பெயர்ச்சி, சனிப்பெயர்ச்சி, நவராத்திரி உபயம் என்று கூட்டம் சேரும் நாள்களில் கோயில் ஆபீஸில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. "ரெசிட்டுல என் நட்சத்திரம் இருக்கு. ஐயர் கையில இருக்கிற லிஸ்டுல இல்லையே?" அதற்கு வரும் பதில்: "சிஸ்டம் அப்படித்தான்மா, நாங்க என்ன பண்றது?"

இந்தப் பதிலை இனிமேல் யாரும் சொல்லவும் கூடாது, ஏற்கவும் கூடாது என்பதுதான் எங்கள் கருத்து. பணம் வாங்கி, பெயர் எழுதி, ரெசிட் கொடுத்த பிறகு, அந்தப் பெயர் சந்நிதிவரை போய்ச் சேர்வது கோயிலின் பொறுப்பு.

விபரம் காலியாக இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பெயர்ச்சி பரிகார அர்ச்சனைக்கு ராசி வாரியாகப் பிரித்து மேஷம் முதல் மீனம் வரை 12 தாள் பிரிண்ட் எடுப்பார்கள். ராசிக் கட்டம் காலியாக உள்ள பக்தர் அந்த 12 தாளில் எதிலுமே வரமாட்டார். எந்தத் தாளைப் பார்த்தாலும் தவறு தெரியாது. ஐயர் கொடுத்ததை வாசிப்பார். பின்னால் கைகூப்பி நிற்பவர் மட்டும் தன் பெயர் இப்போ வரும், அப்போ வரும் என்று காத்துக்கொண்டே இருப்பார்.

பல இடங்களில் இதற்குக் கண்டுபிடித்த வைத்தியம், ராத்திரி உட்கார்ந்து ரெசிட்டைப் பார்த்துக் கையால் திரும்ப டைப் செய்வது. தொண்டர்களின் உழைப்பை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. ஆனால் விபரம் எங்கே தொலைந்தது என்று பார்க்காததால் அடுத்த திருவிழாவிலும் அதே கட்டம் காலியாகத்தான் வரும்.

இன்னும் சிலர் "நட்சத்திரம் இருக்குல்ல, ராசியை நாமே போட்டுடலாம்" என்பார்கள். 27 நட்சத்திரத்தில் 18-க்கு அது சரி. மீதி 9 நட்சத்திரம் இரண்டு ராசியில் வரும்: கார்த்திகை, மிருகசீரிடம், புனர்பூசம், உத்திரம், சித்திரை, விசாகம், உத்திராடம், அவிட்டம், பூரட்டாதி. கார்த்திகை முதல் பாதம் மேஷம், மற்ற மூன்று பாதமும் ரிஷபம். பாதம் தெரியாமல் ஊகித்துப் போட்டால் காலிக் கட்டம் மறையும், தப்பான ராசி அந்தக் குடும்பத்தின் பெயரில் நிரந்தரமாக உட்காரும்.

சரி, எப்படித் தேடுவது? வீட்டில் தண்ணீர் வரவில்லை என்றால் தொட்டி, பைப், குழாய் என்று வரிசையாகத்தானே பார்க்கிறோம். இதையும் அப்படியே பார்க்கலாம்.

1. தொட்டி. முதலில் சிஸ்டத்தில் அந்தப் பக்தரின் பதிவைத் திறந்து பாருங்கள். நட்சத்திரம் அதற்குரிய கட்டத்தில் இருக்கிறதா? கவுண்டரில் நீண்ட வரிசை நிற்கும்போது, அவசரத்தில் பெயருக்குப் பக்கத்திலோ குறிப்பு எழுதும் இடத்திலோ "ரோகிணி, ரிஷபம்" என்று தட்டிவிடுவது சகஜம். குறிப்பும் ரெசிட்டில் அச்சாகும் என்பதால் பக்தர் கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரியும். லிஸ்ட் எடுக்கும்போது சிஸ்டம் நட்சத்திரக் கட்டத்தைத்தான் பார்க்கும். அங்கே ஒன்றுமில்லை. ரெசிட்டில் இருந்து லிஸ்டில் இல்லாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

2. பைப். பதிவில் சரியாக இருந்தும் எக்ஸ்போர்ட்டில் வரவில்லை என்றால், எக்ஸ்போர்ட் அமைப்பைப் பாருங்கள். ராசிக் கட்டத்தைப் புதிதாகச் சேர்த்திருப்பார்கள், லிஸ்ட் எடுக்கும் பழைய அமைப்பில் அதைச் சேர்த்திருக்க மாட்டார்கள். அல்லது ஒரே பெயரில் பழைய கட்டம், புதிய கட்டம் என்று இரண்டு இருக்கும், எக்ஸ்போர்ட் பழையதை எடுக்கும். குடும்ப அர்ச்சனையில் தலைவரின் விபரம் ஒரு இடத்திலும், மனைவி மக்கள் விபரம் உள்ளே இன்னொரு பட்டியலிலும் இருந்தால், தலைவர் மட்டும் வெளியே வருவார். சில சிஸ்டங்களில், லிஸ்ட் எடுப்பவரின் லாகினுக்கு அனுமதி இல்லாத கட்டங்களும் காலியாகவே வரும். தலைவர் லாகினில் எடுத்தால் வருகிறதா என்று பாருங்கள். "திருவாதிரை" இரண்டு எழுத்து முறையில் இருக்கிறதே என்று யாராவது ஒன்றை அழித்திருந்தால், அழித்ததைத் தேர்ந்தெடுத்திருந்த பழைய பதிவுகள் காலியாகிவிடவும் கூடும்.

3. குழாய். கடைசியில் எக்ஸல். எக்ஸ்போர்ட் செய்த சிஎஸ்வி ஃபைலை டபுள் கிளிக் செய்து திறந்தால் 012, 016 என்று தொடங்கும் போன் நம்பரில் முன்னால் உள்ள பூஜ்ஜியம் போய்விடும். கோடு போடாமல் எழுதிய 12 இலக்க ஐசி எண் சுருங்கி வேறு மாதிரி தெரியும். 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களுக்கு முன்னால் உள்ள பூஜ்ஜியமும் காணாமல் போகலாம். தமிழில் உள்ள பெயர் புரியாத குறிகளாக மாறலாம். முகவரியில் உள்ள கமாவால் விபரங்கள் ஒரு கட்டம் தள்ளிப்போய் நட்சத்திரம் இருக்க வேண்டிய இடத்தில் ஊர்ப் பெயர் நிற்கலாம்.

இதற்கு ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. அதே ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள். அங்கே விபரம் இருந்தால் சிஸ்டம் ஒழுங்காகத்தான் கொடுத்திருக்கிறது, எக்ஸல் திறந்த விதம்தான் பிரச்சினை. எக்ஸலில் டேட்டா பகுதிக்குப் போய், டெக்ஸ்ட் அல்லது சிஎஸ்வியிலிருந்து எடுக்கும் வழியில், யூடிஎஃப்-8 தேர்ந்தெடுத்து, போன் மற்றும் ஐசி கட்டங்களை டெக்ஸ்ட் என்று வைத்துத் திறக்க வேண்டும். எக்ஸலில் கெட்டுப்போன ஃபைலை அதே பெயரில் சேவ் செய்யாதீர்கள்.

இதற்கெல்லாம் இன்ஜினியர் வேண்டியதில்லை. விபரம் வந்த ஒருவரையும் வராத ஒருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். அதற்குப் பிறகும் புரியவில்லை என்றால் சிஸ்டம் கொடுத்த கம்பெனிக்குப் போன் போடலாம். "சரியில்ல லா" என்று மட்டும் சொன்னால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. எந்த ரெசிட், எந்தக் கட்டம், எப்போது எடுத்த லிஸ்ட், நோட்பேடில் இருந்ததா இல்லையா என்று சொல்லுங்கள். முழு லிஸ்டையும் வாட்ஸ்அப்பில் தட்டிவிடாதீர்கள், அதில் நம் மக்களின் ஐசி எண்ணும் வீட்டு முகவரியும் இருக்கிறது.

"கடவுளுக்குத் தெரியாதா யார் பெயர் விட்டுப்போச்சுன்னு?" என்று கேட்பவர்கள் உண்டு. தெரியும். ஆனால் நமக்குத் தெரிய வேண்டாமா? "நோட்டுப் புத்தகமே நல்லா இருந்துச்சு" என்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நோட்டில் எழுதுபவருக்குக் காலி இடம் அப்போதே கண்ணில் படும். கம்ப்யூட்டரில் நாம் தேடிப் பார்த்தால்தான் படும். வித்தியாசம் அவ்வளவுதான்.

நிர்வாகத்துக்கு நாங்கள் வைக்கும் கோரிக்கை இரண்டு.

ஒன்று, ராசி நட்சத்திரத்தைக் கட்டாயமாக்காதீர்கள். கட்டாயமாக்கினால், தெரியாதவர்களுக்குப் பட்டியலில் முதலில் இருக்கும் அசுவினியைப் போட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். அதற்குப் பதில் "தெரியாது" என்று ஒரு தேர்வைச் சேருங்கள். தெரியாதவருக்குச் சுவாமி பெயரில் அர்ச்சனை செய்யலாமே. அப்போது காலிக் கட்டம் என்றால் ஒரே அர்த்தம்தான்: ஏதோ விட்டுப்போயிருக்கிறது, தேடு.

இரண்டு, விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்பே ஒரு கணக்குப் போடுங்கள். 12 ராசித் தாளிலும் உள்ள பெயர்கள், கூடவே "தெரியாது" தாளில் உள்ளவை, இரண்டும் சேர்ந்து பதிவான மொத்தப் பெயர்களுக்குச் சமமாக இருக்க வேண்டும். ஒரு பெயர் குறைந்தாலும் பிரிண்ட் எடுக்காதீர்கள். கவுண்டர் அதற்குப் பிறகும் திறந்திருந்தால், கடைசிப் பிரிண்ட்டுக்கு முன் இன்னொரு முறை எண்ணுங்கள்.

பக்தர்களிடமும் ஒரு வேண்டுகோள். பாதம் தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். ரெசிட் வாங்கியதும் அங்கேயே நின்று, நட்சத்திரமும் ராசியும் அதனதன் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். விட்டுப்போயிருந்தால் கவுண்டரில் இருக்கும் பிள்ளைகளிடம் கோபப்படாமல் ரெசிட் நம்பரைக் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். அவர்களும் சம்பளம் வாங்காமல் நிற்பவர்கள்தான்.

உங்கள் ஊர்க் கோயிலில் இதை எப்படிச் சரிபார்க்கிறீர்கள்? கீழே எழுதுங்கள், மற்றக் கோயில் தொண்டர்களுக்கும் உதவும்.

எல்லாருக்கும் அம்பாள் துணை இருக்கட்டும்.