யார் பாட்டு?

"எம்.ஜி.ஆர். பாட்டு, சார்!"

1958-இல் வெளிவந்த 'நாடோடி மன்னன்' படத்திலே, உறங்கிக் கிடக்கும் தம்பியைத் தட்டி எழுப்பும் பாட்டு ஒன்று உண்டல்லவா? அதனை ஒன்பதாம் வகுப்பு மாணவர்க்குக் கேட்பித்து, யார் பாட்டு இது என்று வினவினோம். வகுப்பே ஒரே விடையை முழங்கிற்று. சிறுவரைக் கடிந்து என்ன பயன்? நமது படிப்பகத்திலே, நம் தோழர்கள் கூடும் தேநீர்க் கடையிலே இதே வினாவைத் தொடுத்துப் பாருங்கள். இதே விடைதான் வரும்! எழுதியவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம்; பாடியவர் டி.எம்.சௌந்தரராசன், இசை அமைத்தவர் எஸ்.எம்.சுப்பையா நாயுடு. மூவரும் எங்கே போயினர்? வாயசைத்தவருக்கு வாழ்த்து, வார்த்தை வழங்கியவருக்கு வாய்க்கரிசியா? 1959-இல், 29 வயதிலே மாண்டுபோன உழவர் வீட்டுப் பிள்ளை அவர்.

உழுதவன் ஒருவன், உண்பவன் வேறொருவன் என்றால் ஊரதிர முழங்குகிறோம். அதே கொடுமை நம் செவிக்குள் நடக்கும்போது தாளம் போடுகிறோம்!

கேட்கத்தக்க பாட்டுகள் எவை, பழையதிலும் புதியதிலும் பொறுக்கித் தாருங்கள் என்று இளைஞர் சிலர் எம்மை வினவினர். தருகிறோம், ஒரு நிபந்தனையோடு. பாட்டைக் கேட்குமுன் பெயரைக் கேளுங்கள்.

முதலிலே, 1902-இல் கல்கத்தாவிலே பதிவான கவுஹர் ஜான் அம்மையாரின் இசைத்தட்டுகள். குரல் பதிந்தது கல்கத்தாவில், தட்டு அச்சானது ஜெர்மனி நாட்டு ஹானோவரில். அங்குள்ள தொழிலாளர் எந்தத் தட்டு யாருடையது என்றறிய வேண்டுமே! ஆகவே பாட்டு முடிந்ததும், தம் பெயர் கவுஹர் ஜான் என்று ஆங்கிலத்திலே உரக்கக் கூறுவார் அம்மையார். தொழிற்கூடத்தின் வசதிக்காக எழுந்த குரல்தான். எனினும், இன்று கேட்கையில் நம் மெய் சிலிர்க்கிறது. ஆடலும் பாடலும் அறிந்த கணிகையர் கூட்டத்தார் என்று ஊரார் விலக்கிவைத்த பெண், தன் பெயரைத் தானே தட்டிலே பொறித்துவிட்டாள்! அந்த முழக்கத்தைக் கேட்பதற்காகவே அத்தட்டைத் தேடுங்கள்.

அரை நூற்றாண்டு செல்லட்டும். நிலைமை வளர்ந்ததா? 1949-இல் 'மஹல்' என்ற இந்திப் படம் வந்தது. கேம்சந்த் பிரகாஷ் இசையிலே அதில் ஒரு பாட்டு. வருவான் வருவான் என்று ஏங்கும் குரல். இன்றும் நெஞ்சை உலுக்குகிறது. இசைத்தட்டிலே பாடியவர் பெயர் 'காமினி' என்று அச்சாயிற்று. யார் இந்தக் காமினி? படத்திலே மதுபாலா தாங்கிய பாத்திரத்தின் பெயர்! மூச்சுப் பிடித்துப் பாடிய லதா மங்கேஷ்கருக்குத் தட்டிலே இடமில்லை. கதை கட்டியவர் கற்பித்த நிழலுக்கு இடம். இல்லாத ஒன்றுக்குப் பெயரும் புகழும், இருக்கின்ற மனிதருக்கு இருட்டும் என்ற இந்த ஏற்பாடு நமக்குப் புதியதா என்ன?

"கலைக்கு எதற்கையா பெயர்க் கணக்கு? இன்பமாயிருந்தால் கேட்டுவிட்டுப் போவதுதானே!" என்பார் ரசிகமணி ஒருவர். ஐயா, உமது நிலப் பத்திரத்திலே உம் பெயரை மட்டும் விட்டுவிட்டு எழுதினால், அப்போதும் இன்பமாயிருப்பீரோ?

திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளையின் (1898–1956) தோடியைக் கேளுங்கள். ஒரு பக்கம் சில நிமிடமே ஓடும் அந்நாளைய தட்டுக்குள் கடலை அடக்கிய நாகசுரம் அது. நின்றுகொண்டே ஊதவேண்டியவன் மேளக்காரன் என்றிருந்த வழக்கத்தை உடைத்து, மேடையேறி அமர்ந்து வாசித்த மனிதர். அந்தத் தோடியிலே கெஞ்சல் இராது.

'ஓர் இரவு' (1951) படத்திலே, துயருற்ற நெஞ்சுக்கு யாழிசைத்து இன்பம் சேர்க்கமாட்டாயா என ஏங்கும் பாட்டு, பாவேந்தருடையது என்று நாம் அறிவோம்; மார்தட்டியும் கொள்வோம். தேஷ் இராகத்திலே அதற்கு மெட்டமைத்தவர் தண்டபாணி தேசிகர். படத்திலே பாடியவர்கள் எம்.எஸ்.ராஜேஸ்வரியும் வி.ஜே.வர்மாவும். எத்தனை தோழர்க்கு இது தெரியும்? தேவாரம் பாடிய வாயினர் தேசிகர் என்பதால் நாவில் வர மறுக்கிறதோ அந்தப் பெயர்? நாகூர் அனிபாவின் (1925–2015) பக்திப் பாடல்களையும் தயங்காமல் கேட்கிறோம். நம் கொடியைப் பாடிய அதே தொண்டைதான்; கொள்கைக்குக் கேடு ஒன்றும் வந்துவிடவில்லை.

இளையராசாவின் 1986 இசைத்தொகுப்புக்கு 'ஹவ் டு நேம் இட்?' என்று பெயர். இதற்கு எப்படிப் பெயரிடுவது என்பது பொருள். நமது பேச்சுக்கும் பொருந்துகிறது! பாட்டே இல்லை, கருவிகள் மட்டும். அதிலே முன்னின்று பேசும் வயலின் வி.எஸ்.நரசிம்மனுடையது. திரைப் பாட்டுகளிலே பெயரின்றிப் பின்னணியில் வாசித்தவர்கள் எத்தனை எத்தனை பேர்!

இனி, நம் காலம். 2018 சனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்திலே மேடையேறிற்று 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் குழு. சாதிபேதமற்றவர் என்று அயோத்திதாசப் பண்டிதர் முழங்கினாரே, அதன் எதிரொலியாகிய பெயர். கானாவும் பறையும் கிதாரும் ஒரே வரிசையில் நின்றன. அக்குழுவில் பாடிய அறிவு, 2021 மார்ச்சில் தீ என்ற பாடகியோடு 'என்ஜாய் எஞ்சாமி' தந்தார். இசை சந்தோஷ் நாராயணன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே உழைத்துத் திரும்பிய பாட்டி வள்ளியம்மாளின் பெயரைச் சொல்லியே பாட்டுக்குள் தம்மை அறிமுகம் செய்துகொள்கிறார் அறிவு. 1902-இன் கவுஹர் ஜான் நினைவுக்கு வரவில்லையா?

அதே ஆண்டு ஆகஸ்டிலே 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' ஏட்டின் அட்டையிலே அந்தப் பாட்டுக்காகத் தீ இடம்பெற்றார். எழுதிய அறிவு இடம்பெறவில்லை. கண்டனம் கிளம்பிய பின்னரே அறிவுக்கு மின்னிதழ் அட்டை ஒன்று வந்தது. தீயின் குரலோடு நமக்குப் பிணக்கில்லை. தேன் போன்ற குரல். பெயரைத் தானே பாட்டுக்குள் பதித்துவைத்தவனைக் கூட அட்டையிலிருந்து எடுத்துவிட முடிகிறதே, அதுதான் நம் சினம்.

சினம் பிறர்மீது மட்டுமா? சென்ற ஆண்டு நாம் பணிபுரியும் பள்ளியின் ஆண்டு விழா அழைப்பிதழிலே, கடவுள் வாழ்த்துப் பாடிய மாணவியின் பெயர் இருந்தது. பரதம் ஆடிய இருவரின் பெயர், தந்தை பெயரோடு, இருந்தது. அவையை அதிரவைத்துப் பறை முழக்கிய நால்வர்? 'மற்றும் குழுவினர்'! அச்சுப்படியைத் திருத்தியவர் வேறு யாருமல்லர், நாமே. ஒற்றுப்பிழை தேடினோம், இந்தப் பிழை கண்ணில் படவில்லை. விழா முடிந்த மறுநாள் அந்த நால்வருள் ஒருவன் அழைப்பிதழை நீட்டி, "இதுல நாங்க எங்க சார்?" என்று கேட்டான்.

இவ்வாண்டு அழைப்பிதழ் அச்சகம் போயிருக்கிறது. நால்வர் பெயரையும் நம் கையாலேயே எழுதிச் சேர்த்தோம். இடம் போதாது, ஒரு வரி குறைக்க வேண்டும் என்று அச்சகத்தார் தொலைபேசியில் கூறினர். சிறப்பு விருந்தினரின் பட்டங்களிலே ஒரு வரியைக் குறைக்கச் சொல்லியிருக்கிறோம்.