வான்வழித் தொலைக்காட்சியும் மானாவாரிக் குடியானவரும்

கரிசற் பூமியில் வேளாண்மை செய்வோர்க்குக் காலத்தில் வந்தெட்டாத செய்தி, அறுவடைக்குப் பின் பெய்த மழையை யொக்கும். விருதுநகர் ஜில்லாவில் சாத்தூர், வெம்பக்கோட்டை, சிவகாசி, அருப்புக்கோட்டைப் பக்கங்களில் பருத்தியும் மக்காச்சோளமும் சிறுதானியங்களும் வடகிழக்குப் பருவமழையையே பெரிதும் நம்பி விதைக்கப்படுகின்றன. விதைப்பு ஒரு வாரம் பிந்தினாலும், பூச்சியை ஒரு வாரம் பிந்திக் கண்டாலும், நஷ்டம் குடியானவருடையதே. 2018-ஆம் வருஷம் மே மாதத்திற் கர்நாடகத்திற் கண்டறியப்பட்ட படைப்புழு, அவ்வருஷமே நம் மக்காச்சோளக் கொல்லைகளிலும் புகுந்தது. குருத்துக்குள் புழு ஒளிந்த பின்னர் மருந்து தெளித்துப் பெரும்பயனில்லை. முட்டைக் குவியலையும் இளம்புழுவையும் ஆரம்பத்திலேயே கண்டு அழித்தல் வேண்டும். கண்ணாற் காணாத பூச்சியை எழுத்தால் மட்டும் அறிவிப்பது எளிதன்று. படத்தாற் காட்டின் ஒரு கணத்தில் விளங்கும்.

அவ்விதம் காட்டுதற்குரிய சாதனமொன்று மாதக்கட்டணமின்றி நம் கூரைமீது வந்து விழுந்துகொண்டிருப்பதைப் பலர் அறியார். 2004-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் தூரதர்ஷனத்தார் தொடங்கிய நேரடி ஒளிபரப்பே அது, பின்னர் 'டி.டி. ஃப்ரீ டிஷ்' எனப் பெயர் பெற்றது. இந்தியாவில் 4 கோடிக்கு மேற்பட்ட வீடுகளில் இதனைப் பெறுகின்றனர். தட்டு, அதன் முன்னுள்ள எல்.என்.பி., வீட்டினுள் வைக்கும் செட்-டாப் பாக்ஸ், கம்பி ஆகியவற்றிற்கு ஒருமுறை சுமார் 2,000 ரூபாய் செலவாகும். அதன்பின் சந்தா என்பதில்லை.

இது புதுமையான எண்ணமுமன்று. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை முடிய, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 என்னும் துணைக்கோளின் வழியாக ஆறு ராஜ்யங்களில் 2,400 கிராமங்களுக்கு விவசாயமும் சுகாதாரமும் ஒளிபரப்பப்பட்டன. அன்று பத்தடி அகலமுள்ள கம்பிவலைத் தட்டு வேண்டியிருந்தது. ஒரு பெட்டியின் முன் ஊரார் யாவரும் கூடியிருந்து கண்டனர். தமிழ்நாடு அந்த ஆறில் சேரவில்லை. இன்று இரண்டு அல்லது மூன்றடித் தட்டே போதும், தமிழ்நாட்டிற்கும் தடையில்லை.

தட்டை நாட்டும் முறையையும் கூறுவோம். இவ்வொளிபரப்பைத் தரும் ஜிசாட்-15 என்னும் துணைக்கோள், பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிலைத்திருக்கிறது. விருதுநகரில் நின்று நோக்கின், நேர்கிழக்கிலிருந்து தெற்காகச் சுமார் 30 பாகை திரும்பி, அடிவானத்திலிருந்து சுமார் 69 பாகை உயரத்தில் அஃது உளது. தட்டு சாய்முக அமைப்புடையதாதலால் அவ்வளவு அண்ணாந்திருப்பதாகத் தோன்றாது. தென்கிழக்கில் மிக அருகே வேம்போ மாடிச்சுவரோ மறையாதிருத்தல் போதும். ஊருக்கு வெளியே கேபிள் எட்டாத தோட்ட வீடுகளுக்கும் கிணற்றடிக் குடில்களுக்கும் இது பெரிதும் ஏற்றது.

பட்டாசுத் தொழில் நடக்கும் ஊர்களில் ஓர் எச்சரிக்கை அவசியம். தட்டுக்குச் செல்லும் கம்பியில் 13 அல்லது 18 வோல்ட் மின்சாரம் ஓடுகிறது; பழுதுற்ற கம்பியிற் பொறி எழக்கூடும். உயரத்தில் நாட்டிய இரும்புக் குழாய் மின்னலுக்கும் இடந்தரும். ஆகையால் வெடிமருந்துக் கொட்டகையின் கூரையிலோ, பட்டாசு உலர்த்தும் இடத்திற்கு அருகிலோ தட்டை நாட்டுதல் கூடவே கூடாது. வீட்டிலும் குழாயைத் தரையிணைப்புச் செய்து, இடி முழங்குமுன் பெட்டியின் மின்னிணைப்பையும் தட்டுக் கம்பியையும் கழற்றி வைத்தல் வேண்டும்.

இதற்கு மறுப்புக் கூறுவாருமுளர். "குறைந்த கட்டணத்திற் கேபிள் உள்ளது, கைப்பேசியும் உள்ளது, தட்டு எதற்கு?" என்பர். 2011-ஆம் வருஷம் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்குத் தரப்பட்டதனாலும், தட்டில் தமிழ் அலைவரிசைகள் சிலவே யாதலாலும், வட ராஜ்யங்களைப்போல் இங்கு இது பரவவில்லை என்பது மெய். கைப்பேசியோ பணம் தீர்ந்தால் ஓய்ந்துவிடும். அதில் யாரோ ஒருவர் கூறும் மருந்தளவை நம்பிப் பயிரைக் கெடுத்துக்கொள்வாருமுளர். வீட்டிலுள்ள முதியோரும் பெண்டிரும் ஒருங்கிருந்து காண்பதற்கு அது சிறிது.

எனினும் மெய்யான குறையொன்றை மறைத்தலாகாது. 2015 மே மாதம் விவசாயிகளுக்கென்றே தொடங்கிய 'டி.டி. கிசான்' பெரும்பாலும் ஹிந்தியில் நடைபெறுவதால் நம்மவர்க்கு உதவாது. 2024-இல் 'பொதிகை' என்ற பெயர் மாறி 'டி.டி. தமிழ்' ஆன அலைவரிசையே நமக்குள்ள பற்றுக்கோடு. 'வயலும் வாழ்வும்' நிகழ்ச்சியை முதியோர் மறந்திரார். விலையில்லாத் தட்டு இருந்தும் அதில் நம் மண்ணுக்குரிய சொல் வாராதாயின், ஏரி நிரம்பியும் மடை திறவாத கதையேயாகும். கோவிலாங்குளத்து ஆராய்ச்சி நிலையத்தாரும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பருத்தி ஆராய்ச்சி நிலையத்தாரும் கூறும் யோசனைகள், விதைப்புக் காலத்தில் மாலை ஒரு குறித்த நேரத்தில் அவ்வலைவரிசையில் வரல் வேண்டும். அதனைக் கேட்டுப் பெறுவது நம் கடமை.

மற்றொன்றையும் மறவற்க. கனமழை பெய்யுங்கால் மழைத்துளிகள் இவ்வலைகளை விழுங்கிவிடுமாதலால் படம் நின்றுபோம். புயலெச்சரிக்கை மிகவும் வேண்டிய வேளையிலேயே தட்டு ஊமையாகும். ஆகவே மின்கலத்தால் இயங்கும் சிறு வானொலிப் பெட்டி ஒன்று ஒவ்வொரு வீட்டிலும் இருத்தல் நலம்.

கிராம அதிகாரிகளும் ஊராட்சித் தலைவர்களும் தத்தம் ஊர்ப் பொதுக்கட்டிடத்தில் ஒரு தட்டும் பெட்டியும் அமைத்து, அதைப் பழுது பார்க்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்புவித்து, பருவந்தோறும் குடியானவர்களைக் கூட்டுவார்களாக. நிலச்சுவான்தார்கள் தமிழில் விவசாய நிகழ்ச்சி வேண்டுமெனத் தூரதர்ஷனத்தார்க்கு ஊர்தோறும் மனு எழுதுவார்களாக. அடுத்த பூச்சி வரும் காலத்தை நாம் அறியோம். அதன் முகத்தை முன்னரே கண்டறியும் வழி நம் கூரையிலுள்ளது.