பட்டியலைக் காட்டுங்கள்

"அதான் தேர்தல் நடக்குதே, அப்புறம் என்ன?"

எந்தச் சங்கத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலும் வந்து விழும் கேள்வி இது. கூட்டுறவுச் சங்கம், விளையாட்டுச் சங்கம், குடியிருப்போர் சங்கம் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். தேர்தல் நடந்துவிட்டால் ஜனநாயகம் வந்துவிட்டது என்று நம்மை நம்பவைத்திருக்கிறார்கள். இதைவிட வசதியான பொய் வேறில்லை. நிரூபிக்க ஒரு துப்பாக்கிச் சங்கத்தை எடுத்துக்கொள்கிறேன்.

விருத்தாசலத்து செராமிக் சூளைப் பக்கம் வளர்ந்தவனுக்குத் துப்பாக்கிச் சங்கத்தில் என்ன வேலை என்று சிரிக்கலாம். சிரித்துவிட்டுப் படியுங்கள்.

அமெரிக்காவின் நேஷனல் ரைஃபிள் அசோசியேஷன் 1871-ல் நியூயார்க்கில் பதிவான உறுப்பினர் சங்கம். அதன் அரசியல் எனக்கு அறவே ஆகாது. 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் குழந்தைகள் சுட்டுக் கொல்லப்பட்டு ஒரே வாரத்தில், இதற்குத் தீர்வு இன்னும் துப்பாக்கிகள்தான் என்று பேசியவர் அதன் தலைமை நிர்வாகி வெய்ன் லபியர். 1991-லிருந்து 2024 ஜனவரி வரை அந்த நாற்காலியில் இருந்தார். முப்பத்து மூன்று வருடம்!

இத்தனைக்கும் அங்கே வருடா வருடம் தேர்தல் நடந்தது. 76 பேர் கொண்ட போர்டு. ஒவ்வொரு ஆண்டும் மூன்றில் ஒரு பங்கு இடங்களுக்கு உறுப்பினர்கள் ஓட்டுப் போடுகிறார்கள். ஆனால் ஆயுள் உறுப்பினராகவோ, தொடர்ந்து ஐந்து வருடம் சந்தா கட்டியவராகவோ இருந்தால்தான் ஓட்டு. மற்றவர்கள் பணம் மட்டும் கட்டலாம். அந்தப் பணத்தில் லபியருக்குத் தனி விமானப் பயணமும் பெவர்லி ஹில்ஸ் கடையில் தைத்த சூட்டுகளும் நடந்தன. 2019-ல் சங்கத்தின் தலைவராக இருந்த ஆலிவர் நார்த் வக்கீல் பில்களைப் பற்றிக் கேள்வி எழுப்பினார். பதவி போனது அவருக்குத்தான்.

உள்ளே இருந்தவர்களால் முடியாததை வெளியே இருந்த சட்டம் செய்தது. நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் 2020-ல் வழக்குப் போட்டார். சங்கம் டெக்சாஸுக்கு ஓடிப்போய் திவால் மனு கொடுத்தது. அங்கே நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. 2024 பிப்ரவரியில் ஜூரி தீர்ப்புச் சொன்னது: லபியர் 43 லட்சம் டாலருக்கு மேல் சங்கத்துக்குத் திருப்பிக் கட்ட வேண்டும்.

இதற்குப் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். 2024-லும் 2025-லும் நடந்த போர்டு தேர்தல்களில் சீர்திருத்த அணி இடங்களைப் பிடித்தது. அதே உறுப்பினர்கள், அதே ஓட்டுச் சீட்டு. நடுவில் மாறியது ஒன்றுதான்: கணக்கு நீதிமன்றத்தில் விரிக்கப்பட்டு ஊரறியப் படிக்கப்பட்டது. கணக்குத் தெரியாதவன் போடும் ஓட்டு வெறும் கைநாட்டு.

இதெல்லாம் அமெரிக்கக் கதை என்று தள்ளிவிட முடியாது. நம்மிடமும் ஒரு நேஷனல் ரைஃபிள் அசோசியேஷன் இருக்கிறது. 1951-ல் ஜி.வி. மவ்லங்கர் முதல் தலைவராக இருந்து தொடங்கியது. துப்பாக்கி உரிமை பேசும் அமைப்பல்ல, துப்பாக்கி சுடும் விளையாட்டை நடத்தும் அமைப்பு. எங்கள் கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோவுக்கும் பாரிஸுக்கும் போனது இந்த விளையாட்டில்தான்.

இதன் தலைவராகப் பத்தாண்டுக்கு மேல் இருந்தவர் பஞ்சாப் முன்னாள் முதல்வர் அமரிந்தர் சிங்கின் மகன் ரனிந்தர் சிங். 2021-லும் அவரே ஜெயித்தார். பன்னிரண்டு வருட வரம்பு முடிந்துவிட்டது என்று விளையாட்டு அமைச்சகம் சொன்ன பிறகுதான் விடுப்பில் போனார். 2024 செப்டம்பரில் ஒடிசாவின் முன்னாள் எம்.பி. கலிகேஷ் நாராயண் சிங் தேவ் 36-க்கு 21 என்ற வாக்குகளில் தலைவரானார். ஓட்டுப் போட்டவர்கள் மாநிலச் சங்கங்களின் பிரதிநிதிகள். ரேஞ்சில் நின்று சுடுகிற பிள்ளைக்கு அங்கே நேரடி ஓட்டு கிடையாது. 2025-ல் வந்த தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம், செயற்குழுவில் சிறந்த வீரர்கள் இரண்டு பேராவது இருக்க வேண்டும் என்கிறது. பதினைந்து பேர் வரை இருக்கக்கூடிய குழுவில் இரண்டு பேர்! இதற்குத்தான் கைதட்டச் சொல்கிறார்கள்.

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறேன். அப்பா செராமிக் யூனிட்டில் அச்சு வார்ப்பு வேலை பார்த்தவர். ஒரு சிறிய கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர். அதன் பெயர் வேண்டாம். 2018-ல் தமிழ்நாடு முழுக்கக் கூட்டுறவுத் தேர்தல் நடந்தபோது, வாக்காளர் பட்டியலைப் பார்க்க வேண்டும் என்று கேட்கப் போனார்.

"லிஸ்ட்டு உங்களுக்கு எதுக்குண்ணே?"

"யாரு யாரு மெம்பர்னு தெரிஞ்சிக்கத்தான் தம்பி."

"நாளைக்கு வாங்கண்ணே."

நாளைக்குப் போனால் பலகையில் நோட்டீஸ்: அனைவரும் போட்டியின்றித் தேர்வு. பட்டியல் பிற்பாடு ஒருநாள் கண்ணில் பட்டது. அப்பாவோடு வேலை பார்த்து ஆறு வருடம் முன்பே செத்துப்போன ஒருவர் அதில் உயிரோடு இருந்தார். அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்து வருடப் பதவிக்காலம் 2023-ல் முடிந்ததும் சங்கம் தனி அலுவலர் கைக்குப் போனது. உறுப்பினருக்கு இரண்டிலும் வித்தியாசம் தெரியவில்லை.

"மெம்பருங்க கூட்டத்துக்கே வர்றதில்ல சார், அவங்ககிட்ட கணக்கக் குடுத்து என்னா பண்றது?" என்று ஒரு வாதம் உண்டு. தீர்மானிக்க ஒன்றுமில்லாத கூட்டத்துக்கு எவன் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வருவான்? 1977-ல் அமெரிக்கச் சங்கத்தின் உறுப்பினர்கள் சின்சினாட்டி மாநாட்டில் விடிய விடிய உட்கார்ந்து தலைமையையே தூக்கி எறிந்தார்கள். விதிகள் கையில் இருந்ததால் முடிந்தது. அந்த இரவில்தான் அந்தச் சங்கம் தீவிரப் பாதைக்கும் திரும்பியது என்பதை நான் மறைக்கவில்லை. உறுப்பினர் கைக்கு அதிகாரம் வந்தால் நல்லதே நடக்கும் என்று உத்தரவாதம் தர என்னால் முடியாது. ஆனால் அந்தத் தப்பு அவர்கள் செய்த தப்பு. எங்கள் சங்கத்தில் தப்புச் செய்யக்கூட எங்களை விடவில்லை.

செராமிக் சூளைக் கதவில் சின்னதாக ஓர் ஓட்டை இருக்கும். உள்ளே வைத்த கோன் வளைகிறதா என்று அதன் வழியாகத்தான் பார்ப்பார்கள். நெருப்பு எரியும்போதே பார்க்க வேண்டும். எல்லாம் முடிந்து கதவைத் திறக்கும்போது வெடித்த பாண்டத்தை எண்ணத்தான் முடியும். தேர்தல் என்பது கதவைத் திறக்கும் நாள். நான் கேட்பது அந்த ஓட்டையை.

தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பே உறுப்பினர் பட்டியலைப் பலகையில் ஒட்டுங்கள். வரவு செலவை ஒவ்வொரு வருடமும் உறுப்பினர் வீட்டுக்குத் தமிழில் அனுப்புங்கள். சங்கம் யாருக்காக இருக்கிறதோ அவர்களுக்கு நேரடி ஓட்டுக் கொடுங்கள். இந்த மூன்றும் இல்லாமல் எத்தனை தேர்தல் நடத்தினாலும் நாற்காலி அதேதான். உட்காருகிறவர் பெயர்தான் மாறும்.

நீங்களும் ஏதாவது ஒரு சங்கத்தில் சந்தா கட்டிக்கொண்டிருப்பீர்கள். நாளைக்கே போய்ப் பட்டியலைக் கேளுங்கள். "உங்களுக்கு எதுக்கு?" என்று கேட்டால், சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள்.