பழைய வண்டியும் பொய்ப் புகழும்

"அந்தக் காலத்து வண்டி மாதிரி வருமா?" என்று யாராவது பெருமூச்சு விட்டால் எனக்குக் கோபம் வருகிறது. இரண்டு மோட்டார் சைக்கிள்களையும் மூன்று கார்களையும் கட்டி மேய்த்தவன் நான். கோபப்பட எனக்குப் பாத்தியதை உண்டு.

சரித்திரத்தைச் சற்றுப் பாருங்கள். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரைத்தான் 1950களின் பிற்பகுதியில் வங்காளத்து உத்தர்பாராவில் அம்பாசிடர் என்று பெயர் சூட்டிச் செய்ய ஆரம்பித்தார்கள். 2014-ல் உற்பத்தி நிற்கும்வரை முகப்பை மாற்றினார்கள், எஞ்சினை மாற்றினார்கள். உருவம் என்னவோ அதே உருவந்தான். புல்லட்டின் கதையும் ஏறக்குறைய இதுவே. சென்னையில் 1955-ல் அதன் தொழில் தொடங்கியது. பிறந்த நாட்டில் அந்தக் கம்பெனி 1970-ல் கடையைக் கட்டிவிட்டது. இங்கேயோ அந்தப் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் இந்த நூற்றாண்டிலும் வந்துகொண்டிருந்தது.

இதை நீங்கள் உறுதி என்கிறீர்கள். போட்டி இல்லாத சௌகரியம் என்கிறேன் நான். எத்தனை வண்டி செய்யலாம் என்பதற்கே சர்க்காரின் லைசென்ஸ் வேண்டியிருந்த காலம் அது. முன்பணம் கட்டிவிட்டு வருஷக் கணக்கில் காத்திருந்தோம். முறை வந்தவர்களில் சிலர் வண்டியை எடுத்த கையோடு லாபத்துக்கு விற்றார்கள். காத்துக் கிடந்து பெற்றது இனிக்கத்தான் செய்யும். பசித்தவனுக்குப் பழையது அமிர்தம்; அதற்காகச் சமையலையா புகழ்வது?

அப்படியானால் அந்த வண்டிகள் ஓடவில்லையா? ஓடின. ஓட வைத்தது யார்? என் மோட்டார் சைக்கிள்களில் ஒன்று, மழை பெய்தால் பாயிண்ட்டில் ஈரம் ஏறி அடம் பிடிக்கும். கார்களில் ஒன்றுக்கு மேடு ஏறினால் ரேடியேட்டர் கொதிக்கும். தெருமுனை வேப்பமரத்தடியில் கிரீஸ் படிந்த காக்கி டிராயரோடு ஒரு மனிதர் இருந்தார். சத்தத்தைக் கேட்டே டாப்பெட் தளர்ந்திருக்கிறது என்பார். கடையில் கிடைக்காத சாமானை லேத்தில் கடைந்து போட்டுவிடுவார். கூலியில் மட்டும் நான் பேரம் பேசுவேன்!

2021-ல் மத்திய சர்க்கார் ஒரு விதி செய்தது. ஐம்பது வயது தாண்டிய, உரு மாற்றப்படாத வண்டிக்கு 'விண்டேஜ்' என்று தனிப் பதிவு. அதற்குக் கட்டணம் 20,000 ரூபாய். அன்றாடம் ஓட்டக்கூடாது, கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் கொண்டுபோகலாம். வண்டிக்குப் பட்டம் கிடைத்துவிட்டது. அரை நூற்றாண்டு அதைச் சாகவிடாமல் காத்தவருக்கு? கண்காட்சிப் பலகையில் வருஷம் இருக்கிறது, மாடல் இருக்கிறது, சொந்தக்காரர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. மெக்கானிக்கின் பெயரை நான் பார்த்ததே இல்லை.

பழைய வண்டியைத் தாராளமாகத் துடைத்து வையுங்கள். நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால், அந்தப் பலகையில் உங்கள் பெயருக்கு மேலே மெக்கானிக்கின் பெயரை எழுதுங்கள். பிறகு பெருமூச்சு விடுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.