எத்தனை வாட்? அளந்து சொல்லுங்கள்!

பள்ளி அறிவியல் கண்காட்சிகளில், சொந்தமாகச் செய்த ஆம்ப்ளிஃபயர் ஒன்றையாவது நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஓர் ஐ.சி., சில மின்தடைகள், மின்தேக்கிகள், ஒரு டிரான்ஸ்பார்மர், ஒரு ஸ்பீக்கர். பாட்டு ஒலிக்கிறது, கூட்டம் கூடுகிறது. எந்த மேசையில் சத்தம் அதிகமோ அந்த மேசைக்குப் பாராட்டும் அதிகம். "இது எத்தனை வாட்?" என்று கேட்டால், "நூறு வாட், சார்!" என்று பதில் வரும். "எப்படித் தெரியும்?" என்று மேலும் கேட்டால், "கிட் அட்டையில் போட்டிருக்கிறது" என்பார்கள்.

இந்த இரண்டாவது பதில்தான் நமக்குக் கவலை தருகிறது. அட்டையில் அச்சிட்டதைத் திருப்பிச் சொல்வது அறிவியல் ஆகாது. பெருக்கியைச் செய்து முடிப்பது பாதி வேலைதான். அதைச் சோதித்து அளப்பது மறுபாதி. அளந்து பார்க்காத பெருக்கி இன்னும் முடிவுபெறாத பெருக்கியே என்பது என் கருத்து.

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? உங்கள் பெருக்கிக்கு 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் ஒன்று மின்சாரம் தருவதாக வைத்துக்கொள்வோம். அது தரக்கூடிய மொத்தத் திறன் 24 வாட். அதிலும் ஒரு பகுதி ஐ.சி.யில் வெப்பமாகப் போய்விடும். அப்படியிருக்க, நூறு வாட் எங்கிருந்து வரும்? சாதாரணப் பெருக்கியில் ஸ்பீக்கருக்குச் செல்லும் அலையின் உச்சி, மின்வழங்கியின் 12 வோல்ட்டைத் தாண்ட முடியாது. உச்சி 12 வோல்ட் உள்ள சைன் அலை, 8 ஓம் ஸ்பீக்கரில் தரும் திறன் 9 வாட் மட்டுமே. 12-ஐ 12-ஆல் பெருக்கி, 8-இன் இருமடங்கான 16-ஆல் வகுத்துப் பாருங்கள், விடை கிடைத்துவிடும். உண்மையில் கிடைப்பது இதைவிடவும் குறைவாகவே இருக்கும்.

கடைகளில் விற்ற பல பெட்டிகளின் மீது "பி.எம்.பி.ஓ. 1000 வாட்" போன்ற எழுத்துகள் மின்னியதுண்டு. இமைப்பொழுது மட்டும் தோன்றக்கூடிய, அதுவும் பலவாறு கூட்டிப் பெருக்கிய கணக்கு அது. தொடர்ந்து எவ்வளவு திறன் கிடைக்கும் என்பதை அது கூறுவதில்லை. இத்தகைய விளம்பரக் கணக்குகள் பெருகியதால்தான், அமெரிக்காவில் 1974-இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். திறனைக் குறிப்பிடும்போது, எத்தனை ஓம் சுமையில், எந்த அதிர்வெண் எல்லைக்குள், எவ்வளவு உருக்குலைவுடன் அது கிடைக்கிறது என்றும் கூற வேண்டும் என்பது அவ்விதி. இவை இல்லாமல் "இத்தனை வாட்" என்று மட்டும் சொன்னால், அதில் பொருளில்லை.

நல்ல இசைக்குப் பெரிய எண் தேவை என்று எண்ணுவதும் தவறு. 1947-இல் இங்கிலாந்தின் 'வயர்லெஸ் வேர்ல்டு' இதழில் டி.டி.என். வில்லியம்சன் என்பவர் வெளியிட்ட வால்வுப் பெருக்கி, உலகெங்கும் ஆர்வலர்கள் வீட்டிலேயே செய்து பார்த்த புகழ்பெற்ற ஹை-ஃபை பெருக்கி. அதன் திறன் 15 வாட், உருக்குலைவோ 0.1 சதவீதத்திற்கும் குறைவு. அதே இதழில் 1969-இல் லின்ஸ்லி ஹூட் என்பவர், நான்கே டிரான்சிஸ்டர்களைக் கொண்ட 10 வாட் பெருக்கியை வெளியிட்டார். அதனை இன்றும் ஆர்வலர்கள் செய்து மகிழ்கிறார்கள். நமது காதுக்கு ஒலி இருமடங்காகத் தோன்ற வேண்டுமானால், திறனை ஏறத்தாழப் பத்து மடங்காக்க வேண்டும். எனவே 10 வாட்டை 20 வாட்டாக்க நீங்கள் படும் பாடு, காதுக்குச் சிறிதளவே தெரியும். உருக்குலைவோ உடனே தெரிந்துவிடும்.

"எங்களிடம் ஆஸிலாஸ்கோப் இல்லையே, எப்படி அளப்பது?" என்று கேட்கிறீர்களா? ஒரு மல்ட்டிமீட்டரும் சில மின்தடைகளும் போதும். ஆனால் 230 வோல்ட் மின்சாரம் செல்லும் பகுதியை நீங்கள் தொட வேண்டாம். ஆசிரியரோ மின்பணியாளரோ இணைத்துத் தரட்டும். முதல்முறை மின்சாரம் கொடுக்கும்போது, டிரான்ஸ்பார்மருக்கு முன்னால் பழைய 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரிணைப்பில் வைக்கச் சொல்லுங்கள். உள்ளே எங்கேனும் ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், பெருக்கி பிழைத்துக்கொள்ளும்.

அடுத்து, ஸ்பீக்கரை இணைக்காமல், உள்ளீடும் கொடுக்காமல், ஸ்பீக்கர் முனைகளுக்கு இடையே டி.சி. மின்னழுத்தத்தைப் பாருங்கள். 0.05 வோல்ட்டுக்குள் இருந்தால் நன்று. சில வோல்ட் காட்டினால் ஸ்பீக்கரை இணைக்காதீர்கள். அதன் கம்பிச்சுருள் கருகிவிடும்.

மூன்றாவதாகத் திறனை அளக்கலாம். ஸ்பீக்கருக்குப் பதிலாக 33 ஓம், 10 வாட் மின்தடைகள் நான்கைப் பக்க இணைப்பில் இணையுங்கள். ஏறத்தாழ 8 ஓம், 40 வாட் தாங்கும் சத்தமில்லாத சுமை கிடைத்துவிடும். அவை நன்றாகச் சூடேறும், கை படக்கூடாது. கைபேசிச் செயலி ஒன்றின் மூலம் 200 ஹெர்ட்ஸ் சைன் அலையைக் கொடுங்கள். சாதாரண மீட்டர்கள் உயர்ந்த அதிர்வெண்களில் சரியாகக் காட்டுவதில்லை. ஆகவேதான் 200 ஹெர்ட்ஸ். ஏ.சி.யில் 2 வோல்ட் போன்ற சிறிய அளவும் உள்ள மீட்டர் தேவை. இல்லாவிட்டால் பள்ளி ஆய்வகத்தில் கேளுங்கள்.

இப்போது உள்ளீட்டைச் சிறிது சிறிதாக உயர்த்தி, வெளியீட்டைக் குறித்துக்கொண்டே வாருங்கள். 20 மடங்கு பெருக்கும் பெருக்கியில் 0.1 வோல்ட்டுக்கு 2 வோல்ட், 0.2-க்கு 4, 0.3-க்கு 6, 0.4-க்கு 8 என்று வரும். 0.5-க்கு 10 வர வேண்டும், ஆனால் 8.9 தான் வருகிறது என்றால் என்ன பொருள்? அலையின் உச்சிகள் வெட்டுப்பட்டு விட்டன. வரைபடத்தாளில் நேர்கோடு வளையும் அந்த இடமே உங்கள் பெருக்கியின் எல்லை. நேர்கோட்டின் கடைசிப் புள்ளி 8 வோல்ட்; 8-இன் வர்க்கம் 64; அதை 8 ஓமால் வகுத்தால் 8 வாட். இதுதான் நீங்கள் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லக்கூடிய எண்.

இறுதியாக வெப்பச் சோதனை. டி.டி.ஏ. 2030 போன்ற ஐ.சி.க்கள் முழுத் திறனில்தான் மிகவும் சூடாகும் என்று நினைப்பீர்கள். அப்படியன்று. முழுத் திறனில் ஏறத்தாழ 40 சதவீதத்தில் இயங்கும்போதே அவற்றில் வீணாகும் வெப்பம் மிகுதி. அந்த அளவில் அரைமணி நேரம் ஓட்டிப் பாருங்கள். ஹீட் சிங்க் போதுமா என்பது தெரிந்துவிடும்.

"இசைக்குக் காதுதானே நீதிபதி? எண்கள் எதற்கு?" என்று சிலர் வாதிடுவார்கள். காதுக்கு இடமுண்டு. ஆனால் இரண்டு பெருக்கிகளில் சற்றே உரக்க ஒலிப்பதைத்தான் நமது காது சிறந்தது என்று நம்பிவிடுகிறது. ஆகவே முதலில் இரண்டின் ஒலியளவையும் மீட்டரால் சமமாக்குங்கள். பிறகு எது ஒலிக்கிறது என்று சொல்லாமல் நண்பர் ஒருவர் மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்யட்டும். அப்போது காது தரும் தீர்ப்பை ஏற்றுக்கொள்ளலாம்.

கண்காட்சி நடத்தும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு பெருக்கியின் அருகிலும் ஓர் அட்டை இருக்கட்டும். சுமை எத்தனை ஓம், வெட்டுப்படாத திறன் எத்தனை வாட், ஓய்வுநிலை டி.சி. எவ்வளவு, அரைமணிக்குப் பின் வெப்பநிலை என்ன என்று மாணவரே அளந்து எழுதியிருக்கட்டும். அட்டையில் 8 வாட் என்று எழுதிய மாணவருக்கே பரிசு கொடுங்கள்; நூறு வாட் என்று சொல்பவரிடம் வரைபடத்தைக் கேளுங்கள்.

1927-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஹெரால்ட் பிளாக், எதிர்ப் பின்னூட்டம் என்னும் முறையைக் கண்டறிந்தார். வெளியீட்டில் ஒரு சிறு பகுதியை உள்ளீட்டிற்கே கொண்டுவந்து, இரண்டையும் ஒப்பிட்டு, உருக்குலைவைக் குறைத்துக்கொள்ளும் முறை இது. உங்கள் ஐ.சி. பெருக்கியும் இம்முறையில்தான் இயங்குகிறது. பெருக்கியே இடைவிடாமல் தன்னைச் சரிபார்த்துக்கொள்ளும்போது, அதைச் செய்தவர் ஒருமுறையேனும் சரிபார்க்க வேண்டாமா? மீட்டரை எடுங்கள்!